குழாய் எந்தப் பக்கம் பார்க்கிறது?

(வத்தலக்குண்டில் கல்லூரி மாணவர்களுக்கான வானொலிப் பயிற்சி முகாமில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் சின்னப் பிள்ளையா இருந்தப்ப எங்க ஊர்ல பஞ்சாயத்து ரேடியோ இருந்துச்சு. ரேடியோ அறை ஊருக்குள்ள. மேலே கட்டின குழாய் ஊர்த்தெருவைப் பார்த்திருக்கும். காத்து எங்க பக்கம் திரும்பினாத்தான் சேரிக்குப் பாட்டு கேக்கும். "காத்துக்குச் சாதி தெரியாது, குழாயைக் கட்டினவனுக்குத் தெரியும்"னு எங்கம்மா சொல்லும்.

இன்றைக்குக் கொடைக்கானல் பண்பலை 100.5 மெகாஹெர்ட்சில் ஒலிக்கிறது. மலைமேல் கோபுரம் இருப்பதால் கீழே பல மாவட்டங்களில் கேட்கிறது. கேட்கும் உரிமை எல்லோருக்கும் வந்துவிட்டது. பேசும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதுதான் கேள்வி.

படிப்பு முடிச்சு ஒரு நிலையத்துக்குக் குரல் தேர்வுக்குப் போனேன். "குரல் நல்லாருக்கு, பேச்சுலதான் ஒரு வாடை அடிக்குது"ன்னாங்க. என்ன வாடைன்னு நான் கேக்கல. அவங்களும் சொல்லல. ரெண்டு பேருக்கும் தெரியும். அன்னிக்குக் கேக்காம வந்ததுதான் இன்னும் உறுத்துது.

அதனால் சொல்கிறேன். தொழிலை முழுசாகக் கற்றுக்கொள்ளுங்கள். மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி உட்காருவது, எழுதியதைப் பேச்சாக மாற்றுவது, பதிவை வெட்டி ஒட்டுவது, நொடிக் கணக்கு எல்லாம் பழகுங்கள். ழகரமும் பழகுங்கள், அது எவன் அப்பன் வீட்டுச் சொத்தும் இல்லை. ஆனால் ஊர்த்தெருவில் நம் தாத்தன்மார் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்து நடந்த மாதிரி, நிலையத்துக்குள் நம் மொழியைக் கழற்றிக்கொண்டு நடக்காதீர்கள்.

1954 அக்டோபர் 3 அன்று அண்ணல் அம்பேத்கர் அகில இந்திய வானொலியில் பேசினார். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் மூன்றையும் பிரெஞ்சுப் புரட்சியிடம் கடன் வாங்கவில்லை, புத்தரிடம் பெற்றேன் என்றார். கிடைத்த சில நிமிடத்தில் தன் தத்துவத்தையே நாட்டுக்குச் சொன்னார்.

அலைவரிசை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்தது. 2004 பிப்ரவரியில் சென்னையில் அண்ணா பல்கலைக்கழகம் வளாக வானொலி தொடங்கியது. 2006இல் தொண்டு அமைப்புகளுக்கும் அனுமதி வந்தது. 2008இல் இன்றைய தெலங்கானாவின் மாச்சனூரில் சங்கம் ரேடியோ பிறந்தது. நடத்துகிறவர்கள் தலித் பெண்கள். ஜெனரல் நரசம்மா, அல்கோல் நரசம்மா என்ற இருவர் அதன் தூண்கள். சிறுதானியம், விதை, பாட்டு என்று தங்கள் வட்டாரத் தெலுங்கிலேயே பேசுகிறார்கள். அங்கே யாரும் அதை வாடை என்று சொல்லவில்லை.

வேலை விஷயத்தில் உங்களை ஏமாற்ற மாட்டேன். அரசு வானொலியில் தற்காலிக அறிவிப்பாளருக்கு வந்த நாளுக்குத்தான் காசு. தனியார் பண்பலையிலும் சமுதாய வானொலியிலும் சொந்தமாகச் செய்தி சொல்ல அனுமதியில்லை. சேரியில் குடிசை எரிந்தால் அதைச் செய்தியாக வாசிக்க முடியாது. ஆனால் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் என்ன சொல்கிறது, புகாரை எப்படி எழுதுவது என்று விளக்கத் தடையில்லை. சமுதாய வானொலியில் பாதி நிகழ்ச்சியாவது உள்ளூரில் தயாராக வேண்டும் என்பது 2006 விதி. அந்தப் பாதி நம்முடையது. அதைக் கேட்டு வாங்க ஆள் வேண்டும், செய்து காட்டத் தொழில் தெரிய வேண்டும்.

நாளைக் காலைல நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டுக்குப் போறோம். விடியுமுன்ன மல்லிகை பறிச்சுட்டு வர்ற அம்மா ஒருத்தர்கிட்ட அனுமதி கேட்டு, மூணு நிமிஷம் பதிவு பண்ணிட்டு வாங்க. கூலி என்ன, எத்தனை மணிக்கு எழுந்தாங்க, பூ என்ன விலைக்குப் போச்சு, கேளுங்க. அவங்க பேசினதைச் சுத்தப்படுத்தி நீங்க வாசிச்சிடாதீங்க. அவங்க குரலே இருக்கட்டும். மதியம் எல்லாரும் உக்காந்து கேப்போம். குழாயைத் திருப்பிக் கட்டுற வேலை அங்கிருந்துதான் தொடங்கும்.