கருந்துளைகள் சந்திக்கும் இடம்

கல்வராயன் மலையில் கரியாலூர் என்றோர் ஊர் உண்டு. ஆடித் திங்களில், மேகம் விலகிய ஓர் இரவில், அங்கே பள்ளி மாணவர் சிலருடன் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தென்வானில் விருச்சிகம் தேள்போல் வளைந்து கிடந்தது. அதன் கொடுக்கிலுள்ள மூல மீனுக்குச் சற்று வடக்கே கையை நீட்டி, "நம் பால்வழி மண்டலத்தின் நடுவிடம் அதோ அத்திசையில், ஏறத்தாழ 26,000 ஒளியாண்டுத் தொலைவில் உள்ளது. கதிரவனைப்போல் 40 இலட்சம் மடங்கு எடையுள்ள பெருங்கருந்துளை அங்கே இருக்கிறது. அத்தகைய இடங்களில் சிறு கருந்துளைகள் இரண்டிரண்டாய்ச் சேர்ந்து ஒன்றாகிவிடக்கூடும்" என்றேன்.

ஒரு மாணவி எழுந்தாள். "ஐயா, வானமோ மிகப் பெரியது, சிறு கருந்துளையின் அகலமோ சில பத்துக் கிலோமீட்டர்தான் என்றீர்கள். அவை இரண்டும் எப்படிச் சந்திக்கும்?" என்று கேட்டாள். அன்று அரைகுறையாகவே விடை சொன்னேன். அந்தக் கடனை இன்று தீர்க்க விரும்புகிறேன்.

மாணவ நண்பர்களே, அவ்விடை சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்ற ஒருவரிடம் தொடங்குகிறது. 1930 இல், தம் பத்தொன்பதாம் வயதில், சுப்பிரமணியன் சந்திரசேகர் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். எரிபொருள் தீர்ந்த விண்மீன் அமைதியாகக் குளிர்ந்து அடங்குவதற்கு ஓர் எடை வரம்பு உண்டு என்று அப்பயணத்திலேயே கணக்கிட்டார். கதிரவனின் எடையைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்று அவ்வரம்பை இன்று கொள்கிறோம். அதை விஞ்சிய எச்சம் மேலும் சுருங்கும். மிகக் கனமானதாயின் கருந்துளையாகும். 1935 இல் இலண்டனில், அறிஞர் அவையிலேயே, எடிங்டன் என்னும் பேரறிஞர் இக்கருத்தை எள்ளி மறுத்தார். சந்திரசேகர் சோர்ந்துவிடவில்லை. 1939 இல் விண்மீன்களின் அமைப்பைப் பற்றிய நூலை வெளியிட்டபின், அவை கூட்டமாக இயங்கும் முறையை ஆராயப் புகுந்தார்.

அங்கே, 1943 இல், அவர் கண்டதே நம் மாணவியின் கேள்விக்கு விடை. சந்தை நாளில், ஊரார்க்கு வேண்டிய பெரியவர் ஒருவர் கூட்டத்தினூடே நடக்கிறார். அவர் கடந்ததும் மக்கள் பின்னே திரண்டு, "ஐயா, ஐயா" என்று அழைக்கின்றனர். நடை தளர்கிறது. கனமான கருந்துளையும் அப்படியே. அது செல்லும் வழியில், அதன் ஈர்ப்பால் இலேசான விண்மீன்கள் பின்னே திரள்கின்றன. அத்திரள் அதனைப் பின்னோக்கி இழுக்கிறது. வேகம் குறையக் குறைய, அது மண்டலத்தின் நடுவை நோக்கித் தாழ்கிறது. இதனை இயக்க உராய்வு என்பர். ஆகவே கருந்துளைகள் ஒன்றையொன்று தேடி அலைவதில்லை. குளத்தின் ஆழத்தில் வண்டல் படிவதுபோல் நடுவிடத்தில் வந்து சேர்கின்றன.

அந்நெருக்கத்தில் மூன்று சந்தித்தால், ஒன்று வேகம் பெற்று வெளியே எறியப்படும்; மற்ற இரண்டும் இணையாகக் கட்டுண்ணும். அவ்வழியே வரும் விண்மீன்கள் இணையின் ஆற்றலைக் கவர்ந்து செல்ல, இணை மேலும் இறுகும். மிக அணுகியபின், ஈர்ப்பலைகளே எஞ்சிய ஆற்றலைக் கொண்டுபோகும். இறுதியில் ஒரு நொடிக்குள் இரண்டும் ஒன்றாகும்.

இது வெறுங்கணக்கா? அன்று. 2015 செப்டம்பர் 14 இல் அமெரிக்காவின் லைகோ கருவிகள் அத்தகைய அலையை முதன்முதலாக உணர்ந்தன. 2018 இல் வெளியான ஓர் ஆய்வு, நம் மண்டல நடுவிலிருந்து ஏறத்தாழ 3 ஒளியாண்டுக்குள், விண்மீன் துணையுடன் இருக்கும் கருந்துளைகள் எனத் தோன்றும் பன்னிரண்டைக் காட்டியது. அவற்றைப் படம்பிடித்த விண்வெளித் தொலைநோக்கியின் பெயர் சந்திரா. எள்ளப்பட்ட அவ்விளைஞரின் பெயரேதான் அது. 1983 இல் நோபெல் பரிசும் அவரை வந்தடைந்தது.

கரியாலூர் மாணவியே, உன் கேள்விக்கு விடை தந்துவிட்டேன். இனி நான் ஒன்று கேட்கிறேன். நாம் உணர்ந்த இணைவுகளுள் எவை மண்டல நடுவில் நிகழ்ந்தன? இது இன்னும் தெளிவாகவில்லை. தெளிய, அலை வந்த திசையை நுட்பமாக அறிய வேண்டும். அதற்குத் துணைபுரியும் லைகோ நிலையத்தை மராட்டிய மாநிலத்தின் ஹிங்கோலியில் அமைக்க 2023 இல் இந்திய அரசு ஒப்புதல் அளித்தது. அது இயங்கும் நாளில் நீ கல்லூரிப் படிப்பை முடித்திருக்கக்கூடும். அப்போது விடையை நீ சொல், நான் கேட்டுக்கொள்கிறேன்.