ஊருக்கு வரும் பணம் கடைசி வீட்டுக்கும் சேரட்டும்

அன்பான தம்பதிகளே,

ஊர் நடுவில் உள்ள தெருவுக்கு நர்ஸம்மா தவறாமல் வருகிறார். ஓடைக்கு அப்பால் இருக்கிற பத்து வீட்டுக்கு? தடுப்பூசி விட்டுப்போவதும், நல்ல தண்ணீர் எட்டாததும் பெரும்பாலும் அங்கேதான். “நாங்க நாலு குடும்பம், எங்களை யாரு கேப்பா?” என்று அவர்கள் சும்மா இருந்துவிடுகிறார்கள்.

கேட்க வழி உண்டு. 2005-இல் தொடங்கிய தேசிய ஊரக சுகாதார இயக்கம், ஒரு கிராமத்துக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரை மானியம் என்று வகுத்தது. அதைச் செலவு செய்வது கிராம சுகாதாரக் குழு. குழுவில் பாதிப்பேராவது பெண்கள் இருக்க வேண்டும். ஒதுக்குப்புறக் குடியிருப்புகளுக்கும் இடம் வேண்டும்.

சாக்கடை சுத்தம், கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடர் போன்ற பொதுக் காரியங்களுக்கே இந்தப் பணம். ஆனாலும் ஆதரவற்ற பெண்ணுக்கோ, மிக ஏழைக் குடும்பத்துக்கோ வைத்தியச் செலவுக்கு உதவலாம்.

ஆகவே, கிராம சபைக்கு இருவருமே போங்கள். தண்ணீர்க் கஷ்டமும் பிரசவக் கஷ்டமும் தெரிந்தவள் வீட்டில் இருந்துவிட்டால் யார் சொல்வது? மூன்றே கேள்வி கேளுங்க: எங்க பக்கத்துக்குக் குழுவில் ஆள் யார்? போன வருஷம் பணம் எவ்வளவு வந்தது? எதுக்குச் செலவாச்சு?

கூசாமல் கேளுங்கள். கேட்டால்தான் கணக்கு வரும். கணக்கு வந்தால்தான் ஓடைக்கு அப்பாலும் மருந்து வரும்.