ரோகிணிக்குப் பக்கத்தில் ஒரு பிறப்பு

தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்த ஓர் ஆசிரியரின் நினைவாக அவருடைய மாணவர்கள் தொடங்கிய அறக்கட்டளை இது. அதனால்தான் விண்மீன்களும் கோள்களும் எப்படிப் பிறக்கின்றன, எப்படி முதுமை அடைகின்றன என்று பல்கலைக்கழகங்களில் நடக்கும் ஆய்வைப் பற்றிப் பேசலாம் என்று எடுத்துக்கொண்டேன்.

கோல சிலாங்கூரிலிருந்து சபா பெர்ணம் வரை எந்தத் தோட்டத்து மாரியம்மன் கோவிலுக்குப் போனாலும், அர்ச்சனைத் தட்டைக் கையில் வாங்கும்போது குருக்கள் பெயரையும் ராசியையும் நட்சத்திரத்தையும் கேட்கிறார். கார்த்திகை, ரோகிணி, திருவாதிரை என்று நாமும் தயங்காமல் சொல்கிறோம். அந்த நட்சத்திரம் வானத்தில் எங்கே இருக்கிறது என்று கேட்டால் மட்டும் விரல் நீட்டிக் காட்டத் தெரிவதில்லை. ஆனால் விண்மீனின் வாழ்க்கை வரலாற்றை எழுதும் ஆய்வாளர்கள் இன்று கண் பதித்திருக்கும் இடங்களில் முக்கியமானவை இந்தப் பெயர்களைச் சுற்றித்தான் இருக்கின்றன. அந்த ஆய்வுக்குள் நுழையும் வாசலில் நம் பிள்ளைகள் ஏற்கெனவே நிற்கிறார்கள் என்பதே நான் சொல்ல வந்த செய்தி.

ஒரு விண்மீன் பிறந்து முடிவதை யாரும் இருந்து பார்க்க முடியாது. நம் சூரியனுக்கே வயது 460 கோடி ஆண்டு. பிறகு எப்படித் தெரியும்? விடை நம் ஊரிலேயே இருக்கிறது. மலேசியாவில் வணிகத்துக்காகச் செம்பனை முதலில் நடப்பட்டது 1917இல், இதோ பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம் தென்னமரம் தோட்டத்தில். அப்படி ஒரு தோட்டத்தை ஒரு காலைப்பொழுதில் மோட்டார் சைக்கிளில் சுற்றி வாருங்கள். நாற்றங்காலில் கறுப்புப் பையில் கன்று நிற்கும். அடுத்த நிரைகளில் மூன்று வயதில் முதல் குலை தள்ளிய இளமரம். இன்னும் தள்ளி, நீளக் கம்பில் அரிவாள் கட்டினாலும் எட்டாத கிழமரம். கடைசியில், இருபத்தைந்து வயது கடந்து மறுநடவுக்காகச் சாய்த்துப்போட்ட மரங்கள். ஒரு மரமும் நம் கண்முன்னே வளரவில்லை. இருந்தும் செம்பனையின் ஆயுள் முழுவதும் தெரிந்துவிட்டது. வானியலாளர் வில்லியம் ஹெர்ஷல் 1789இல் வானத்தை ஒரு தோட்டமாகப் பார்க்கச் சொன்னது இதனால்தான். ஆய்வாளர்கள் இன்றும் அதைத்தான் செய்கிறார்கள். வெவ்வேறு வயது விண்மீன்களை வரிசையில் நிறுத்தி, இடையில் நடந்ததை இயற்பியலால் நிரப்புகிறார்கள்.

தைப்பூசம் முடிந்து நிலவும் தேய்ந்தபின், பிப்ரவரியில் ஒன்பது மணி வாக்கில், தஞ்சோங் காராங் வயல்வெளியில் நின்று அண்ணாந்து பாருங்கள். ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே மூன்று விண்மீன்கள் ஒரே வரிசையில் நிற்கும். அதற்கு வடகிழக்கே சிவந்திருப்பது திருவாதிரை. வடமேற்கே ஆரஞ்சு நிறத்தில் ரோகிணி. இன்னும் அப்பால், கொத்தாகக் கார்த்திகை. கார்த்திகைக் கூட்டத்துக்கு வயது சுமார் 10 கோடி ஆண்டு. விண்மீன் கணக்கில் அது பால்மணம் மாறாத பருவம். ரோகிணி தன் மையத்து ஹைட்ரஜனைத் தீர்த்துவிட்டு, சூரியனைப்போல் நாற்பது மடங்குக்கு மேல் ஊதிப்போன முதியவள். திருவாதிரைக்கு வயது ஒரு கோடி ஆண்டு அளவுதான். ஆனாலும் அது சாகும் தறுவாயில் இருக்கிறது. எடை மிகுந்த விண்மீன் தன் எரிபொருளை வெகு வேகமாகத் தீர்த்துவிடும். ஆயுளை முடிவுசெய்வது பிறக்கும்போது சேர்ந்த எடை.

இனி பிறப்புக்கு வருகிறேன். கையை நீட்டிக் கட்டைவிரலை ரோகிணியின் ஓரத்தில் வையுங்கள். அந்த விரல் மறைக்கும் அகலம், அதாவது இரண்டு பாகை தள்ளி, வெறுங்கண்ணுக்குத் தெரியாத எச்.எல். டாவ்ரி என்ற விண்மீன் இருக்கிறது. ரோகிணி 65 ஒளியாண்டில் இருக்க, இது ஏறக்குறைய 450 ஒளியாண்டு தொலைவில், ஒரு தூசி மேகத்துக்குள் கிடக்கிறது. அத்தகைய மேகம் சுழியத்துக்குக் கீழே 260 பாகை செல்சியஸ் அளவுக்குக் குளிர்ந்தது. அந்தக் குளிரில் வாயுவின் அழுத்தம் தளர்கிறது. தன் எடை தாளாமல் மேகம் உள்ளே சரிகிறது. சரியச் சரியச் சுழற்சி வேகமெடுத்து, நடுவில் விண்மீனும் சுற்றிலும் தட்டையான வட்டுமாகப் பிரிகிறது. சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில் 5,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் அல்மா தொலைநோக்கியின் 66 ஏந்திகள், ஒளி ஊடுருவாத அந்தத் தூசியையும் மில்லிமீட்டர் அலைகளில் பார்க்கக்கூடியவை. 2014இல் அல்மா வெளியிட்ட படத்தைக் கண்ட துறை அறிஞர்களே திகைத்துப் போனார்கள். வட்டில் வளையம் வளையமாக இருண்ட இடைவெளிகள். பிறக்கும் கோள்கள் தம் பாதையிலுள்ள தூசியை வாரிக்கொள்வதால் அவை உண்டாகின்றன என்பது வலுவான விளக்கம். அந்த விண்மீனுக்கோ பத்து லட்சம் ஆண்டுகூட ஆகவில்லை. கோள் உருவாக நெடுங்காலம் பிடிக்கும் என்ற கணக்கைத் திருப்பிப் பார்க்க வேண்டியதாயிற்று. 2018இல் பி.டி.எஸ். 70 என்ற விண்மீனின் வட்டில், அப்படிப்பட்ட இடைவெளிக்குள் இளங்கோள் ஒன்றையே படம் பிடித்தார்கள்.

முடிவைப் பற்றிய கதையில் நம்மவர் ஒருவர் நடுநாயகமாக இருக்கிறார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930இல் பத்தொன்பது வயதில் கேம்பிரிட்ஜ் போகும் கப்பலிலேயே ஒரு கணக்கைப் போட்டார். எரிந்து தீர்ந்த விண்மீனின் எச்சம் சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு எடைக்குள் இருந்தால் வெண்குறு மீனாக அடங்கும். அதைத் தாண்டினால் நிலைகொள்ளாது, சரியும். 1935இல் லண்டனில் அவர் அதை எடுத்துரைத்தபோது, அன்றைய பெரும்புள்ளி எடிங்டன் அதே அவையில் எழுந்து மறுத்தார். சந்திரசேகர் சச்சரவில் இறங்கவில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தில் தன் வேலையைப் பார்த்தார். 1983இல் நோபல் பரிசு வந்தது. அந்தப் பொறுமையை நான் அறிவுக்கு நிகராக மதிக்கிறேன். ரோகிணி வெண்குறு மீனாகும், திருவாதிரை வெடிக்கும் என்று பிரித்துச் சொல்ல முடிவதில் அவர் கணக்குக்கும் பங்கு உண்டு. 2019 கடைசியில் திருவாதிரை மங்கத் தொடங்கி, அடுத்த பிப்ரவரியில் வழக்கமான ஒளியில் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தபோது, நாளைக்கே வெடிக்கும் என்ற பேச்சு உலகெங்கும் கிளம்பியது. விண்மீன் உமிழ்ந்த வாயு குளிர்ந்து தூசியாகி அதையே மறைத்தது என்று பின்னர் ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். சென்னை வானாய்வகத்தில் வேலை பார்த்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867இல் ஆர். ரெட்டிகுலி என்ற மாறொளி விண்மீனைக் கண்டறிந்தார். முதுமையில் விம்மித் தணியும் மீன் அது. நம் சூரியனும் ஒரு காலத்தில் அப்படி ஆகும். பஞ்சாங்கமும் கணித்து வெளியிட்டவர் அவர். நட்சத்திரம் பார்ப்பவர் விண்மீனையும் பார்த்தார்.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் ரேடியோ வானியல் ஆய்வு நடக்கிறது. அல்மாவின் தரவுகளோ குறிப்பிட்ட காலம் கழித்து யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்துவிடப்படுகின்றன. ஈஜோக்கில் மடிக்கணினியோடு உட்கார்ந்த மாணவிக்கும் அவை கிடைக்கும். "இயற்பியல் படித்தால் என்ன வேலை?" என்று பெற்றோர் கேட்பது நியாயம். இந்தத் துறையில் பழகும் கணக்கும் நிரலாக்கமும் படப் பகுப்பாய்வும் வங்கியிலும் மருத்துவமனையிலும் தேவைப்படுகின்றன என்பது என் பதில். வானம் பார்க்க நமக்கு இருளும் இருக்கிறது. கம்போங் குவாந்தானில் மின்மினிகளுக்காக ஆற்றோரத்தை இருட்டாக வைத்திருக்கிறோம். புக்கிட் மெலாவத்தியில் பிறை பார்க்கும் நிலையம் இருக்கிறது. வானம் பார்ப்பது இந்த மாவட்டத்துக்குப் புதிதில்லை.

அறக்கட்டளையிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டுப் பரிசுப் பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கி, வட்டாரத்துத் தமிழ்ப்பள்ளி ஒவ்வொன்றுக்கும் ஓர் இருகண் தொலைநோக்கி வாங்கிக் கொடுங்கள். ஏழு மடங்கு பெருக்குவது போதும், கண்ணாடி ஐம்பது மில்லிமீட்டர் அகலம் இருக்கட்டும். முதலில் காட்ட வேண்டியது, அந்த மூன்று விண்மீன் வரிசைக்குத் தெற்கே மங்கலாகத் தெரியும் ஒளிப்புகை. 1,300 ஒளியாண்டுக்கு அப்பால் அங்கே இப்போதும் விண்மீன்கள் பிறக்கின்றன; அவற்றில் பலவற்றைச் சுற்றிய வட்டுகளை ஹபிள் தொலைநோக்கி 1990களிலேயே கண்டது. பெற்றோர் ஆசிரியர் சங்கங்கள் பிப்ரவரியில் நிலவில்லாத ஓர் இரவைத் தேர்ந்து அறக்கட்டளைச் செயலாளரிடம் சொல்லுங்கள். நான் வருகிறேன்.