ஹலாலான உணவும் மாற்றுறுப்புப் பெற்ற நோயாளியும்

 

ஒரு ஹஜ்ஜுப் பெருநாளன்று, எமது வாவிக்கரை ஊரொன்றில் உழ்ஹிய்யா ஈரலைப் பொரித்துப் பரிமாறினார்கள். மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்ட சகோதரர் ஒருவர் மட்டும் அதைத் தொடவில்லை. "ஹலாலான உணவை மறுப்பதா?" என்று நான் சற்றுக் கடிந்தே கேட்டுவிட்டேன். "மௌலவி, உள்ளே இன்னும் சிவப்பாக இருக்கிறது" என்று மெல்லச் சொன்னார். பின்னர் வாசித்தறிந்தபோதுதான் என் பிழை எனக்கு விளங்கியது.

இலங்கையில் 1985ஆம் ஆண்டு சிறுநீரக மாற்றுச் சத்திரசிகிச்சை தொடங்கியது. பேராசிரியர்களான ஷெரிப்தீன், ரிஸ்வி ஷெரீப் ஆகியோர் அதன் முன்னோடிகளாவர். புதிய உறுப்பை உடல் அந்நியமென்று தாக்காதிருக்க, டக்ரோலிமஸ் போன்ற மருந்துகளால் எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கிறார்கள். உடலின் காவலன் உறங்க வைக்கப்படுகிறான்; கிருமிக்கும் அதனால் வழி திறக்கிறது.

ஈரல் அழற்சி 'ஈ' வைரசைப் பாருங்கள். சுகதேகியின் உடலிலிருந்து அது பெரும்பாலும் சில வாரங்களில் நீங்கிவிடும். ஆனால் 2008இல் பிரான்சின் துலூஸ் நகர வைத்தியர்கள், இவ்வைரசு தொற்றிய மாற்றுறுப்பு நோயாளர் 14 பேரில் 8 பேருக்கு அது நீங்காமல் நாட்பட்ட நோயாக மாறியதை அறிவித்தார்கள். கவனியாவிடின் ஈரல் சுருங்கிவிடும்.

பன்றி இறைச்சியால் வரும் நோய்தானே, எமக்கென்ன என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் எண்ணினேன். 2003இல் ஜப்பானில் மான் இறைச்சியைப் பச்சையாக உண்டவர்களுக்கு இது தொற்றியது. 2016இல் அறிவிக்கப்பட்ட இன்னொரு செய்தி எம்மை இன்னும் நெருங்குகிறது: ஈரல் மாற்றப்பட்ட மத்திய கிழக்கு நாட்டவர் ஒருவர் ஒட்டக இறைச்சியையும் பாலையும் வழமையாக உட்கொண்டு வந்தார், அவரது உடலில் நிலைத்திருந்தது ஒட்டகங்களின் வைரசாகும். அறுப்பு முறைப்படி நடந்தால் உணவு ஹலாலாகும். வைரசைக் கொல்வது நெருப்புத்தான். உணவின் உட்பகுதி வரை 71 பாகை செல்சியஸ் வெப்பம் 20 நிமிடங்கள் இருக்க வேண்டுமென ஆய்வுகள் கூறுகின்றன. வெளியே கருகி உள்ளே சிவந்திருக்கும் ஈரலை அத்தகைய நோயாளியின் தட்டில் வைக்கலாகாது. பாலையும் பொங்கக் காய்ச்சியே கொடுக்க வேண்டும்.

எலியையும் மறந்துவிடக்கூடாது. 2018இல் ஹொங்கொங்கில், ஈரல் மாற்றப்பட்ட 56 வயதுடைய ஒருவருக்கு எலிகளின் 'ஈ' வைரசு தொற்றியமை கண்டறியப்பட்டது. அவரது வசிப்பிடத்தருகே எலியெச்சங்கள் காணப்பட்டன. மாரி வெள்ளத்தில் வயலெலிகள் வீட்டுக்குள் ஏறும் எமது பிரதேசத்தில், அரிசிப் பானையையும் தண்ணீர்க் குடத்தையும் மூடி வைப்பதும், எச்சத்தை நோயாளியன்றி வேறொருவர் துப்புரவு செய்வதும் அவசியமாகும்.

நோய் கண்டாலும் வழியுண்டு. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தின் அளவை வைத்தியர் குறைப்பார். தேவையெனின் ரிபாவிரின் கொடுப்பார். அந்த அளவை நோயாளி தாமாகக் குறைத்தால் உறுப்பையே இழக்க நேரிடும். ஆகவே காரணமற்ற களைப்போ கண் மஞ்சளோ தோன்றின், உடனே கிளினிக்குக்குச் செல்லுங்கள்.

அச்சகோதரரிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். மறு பெருநாளில் அவருடைய பங்கைச் சமைக்காமலே கொடுத்தனுப்பினோம். அவர் மனைவி நெடுநேரம் வேகவைத்து ஆணமாக ஆக்கினாராம்.