காப்புப் பருவமும் குழந்தையின் உறக்கமும்



பிள்ளைத்தமிழ் பாடிய புலவர்கள் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுத்தனர். அவற்றுள் முதலாவது காப்புப் பருவம். குழந்தையைக் காக்குமாறு வேண்டும் அப்பருவத்தைப் பாட்டியல் மரபு மூன்றாந் திங்களுக்கு உரியதாகக் கூறும். நலமாக உறங்கச் சென்ற குழந்தை, காரணம் புலப்படாமல் உறக்கத்திலேயே இறந்துபோகும் இடர் இரண்டாந் திங்கள் முதல் நான்காந் திங்கள் வரை மிகுதி என்று இன்றைய மருத்துவம் கூறுகிறது. இவ்விரண்டும் ஒத்துப்போவது தற்செயலே. புலவர்கள் மருத்துவம் பேசவில்லை. ஆயினும், காவல் மிகுதியாக வேண்டிய காலம் எது என்பதை நினைவில் வைக்க இது நல்ல வழி.

இவ்விறப்பைத் 'திடீர்க் குழந்தை இறப்பு' என்பர். உடலை ஆய்ந்து, இறந்த இடத்தைப் பார்வையிட்டு, நோய் வரலாற்றைக் கேட்டறிந்த பின்னும் காரணம் கிடைக்காதபோதுதான் மருத்துவர் இப்பெயரை இடுவர். 1980களில் இவ்வகை இறப்பு மிகுந்திருந்த நாடுகளுள் ஒன்று நியூசிலாந்து. ஆயிரம் பிறப்புக்கு ஏறத்தாழ நான்கு குழந்தைகள் அங்கே இவ்வாறு மாண்டன. மருத்துவமனைகளுக்கோ தூய்மைக்கோ குறைவில்லாத நாடு அது. அங்கே இவ்வாறு நேர்ந்தது ஏன்?

விடையின் ஒரு பகுதி கற்றோர் கூறிய அறிவுரையிலேயே இருந்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் பெஞ்சமின் ஸ்பாக் எழுதிய குழந்தை வளர்ப்பு நூல் 1946இல் வெளிவந்து பல நாடுகளில் வீட்டுக்கு வீடு பரவியது. 1950களின் பிற்பகுதியில் வந்த பதிப்புகள் குழந்தையைக் குப்புறக் கிடத்துமாறு கூறின. மல்லாந்து கிடந்தால் கக்கும் பால் மூச்சுக்குழலை அடைக்கும் என்பது ஒரு காரணம். பின்மண்டை தட்டையாகும் என்பது மற்றொன்று. இரண்டும் தமிழ் இல்லத்துப் பாட்டிமார்களுக்கும் பழக்கமான அச்சங்களே. ஸ்பாக் நல்ல நோக்கத்தோடுதான் எழுதினார். ஆனால் எவரும் எண்ணிப் பார்த்துச் சொன்ன கருத்தன்று அது. பொருத்தமாகத் தோன்றிய ஊகம்.

உடலமைப்பை நோக்கினால் அவ்வூகம் தலைகீழானது என்பது விளங்கும். மூச்சுக்குழல் முன்புறமும் உணவுக்குழல் அதன் பின்புறமும் அமைந்துள்ளன. குழந்தை மல்லாந்து கிடக்கும்போது மூச்சுக்குழல் மேலே இருக்கும். கக்கிய பால் அதனுள் புக வேண்டுமாயின் மேல்நோக்கி ஏற வேண்டும். குப்புறக் கிடக்கும்போதோ உணவுக்குழல் மேலாகி, பால் மூச்சுக்குழலை நோக்கி எளிதில் இறங்கும். அன்றியும், மெத்தையில் முகம் புதைந்த குழந்தை தான் வெளியிட்ட காற்றையே மீண்டும் உள்ளிழுக்கிறது. உடற்சூடும் எளிதில் தணிவதில்லை. மூச்சுக் குறையும்போது உறக்கத்தைக் கலைத்து எழுப்பும் மூளைத்தண்டு அமைப்பு சில குழந்தைகளுக்குச் சரிவர இயங்காது. அக்குழந்தை அழாது, திணறாது. அருகில் இருப்போருக்கும் ஒன்றும் தெரியாது.

1987 முதல் 1990 வரை நியூசிலாந்தில் எட்வின் மிட்செலும் அவருடைய குழுவினரும் நாடளாவிய ஆய்வொன்றை நடத்தினர். இறந்த குழந்தைகளுள் 393 பேரின் பெற்றோரையும், ஒப்பிடுவதற்காக உயிருடன் இருந்த 1,592 குழந்தைகளின் பெற்றோரையும் வீடு தேடிச் சென்று வினவினர். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டின் கூடத்தில் அமர்ந்து, 'எப்படிப் படுக்க வைத்தீர்கள்?' என்று கேட்பதும் அதற்கு விடை சொல்வதும் எளிய செயல்களல்ல. அப்பெற்றோர் அளித்த விடைகளே பிறர் பிள்ளைகளைக் காத்தன. குப்புற உறங்குதல், தாய் புகைபிடித்தல், தாய்ப்பால் இன்மை ஆகியவை இடரைக் கூட்டுவது தெரியவந்தது. 1991இல் நாடெங்கும் பரப்புரை தொடங்கியது. விரைவிலேயே இறப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

அதே ஆண்டு பிரிட்டனில் தொலைக்காட்சி அறிவிப்பாளர் ஆன் டயமண்ட் தம் மகன் செபாஸ்டியனை இவ்வாறு இழந்தார். நியூசிலாந்துக்குச் சென்று உண்மையை அறிந்துவந்த அவர், தம் நாட்டிலும் பரப்புரை தொடங்கப் பாடுபட்டார். அங்கும் இறப்பு பெரிதும் குறைந்தது. எனினும் 2005இல் வெளிவந்த ஓர் ஆய்வு மனத்தை உறுத்துவது. அதுவரை வெளிவந்திருந்த சான்றுகளை 1970ஆம் ஆண்டளவிலேயே தொகுத்துப் பார்த்திருந்தால், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவற்றில் குறைந்தது 50,000 குழந்தைகள் பிழைத்திருக்கக்கூடும் என்கிறது அது.

நியூசிலாந்தின் மவோரி மக்களிடையே இறப்பு அந்த அளவுக்குக் குறையவில்லை. பிள்ளையை அணைத்துக்கொண்டு உறங்குவது அவர்கள் மரபு. புகைபிடிக்கும் தாய்மார்களும் அவர்களிடையே மிகுதி. இரண்டும் சேரும்போது இடர் பன்மடங்காகும். 'அருகே கிடத்தாதீர்' என்ற அறிவுரையை அவர்கள் ஏற்கவில்லை. பிள்ளையைத் தாயிடமிருந்து பிரிப்பதாகவே அது அவர்களுக்குப் பட்டது. பின்னர் டேவிட் டிபேன் லீச் என்னும் மவோரி மருத்துவரும் முடைதல் வல்லாரும் கூடி, நாட்டு நாரினால் 'வஹகுரா' என்ற சிறு கூடையை உருவாக்கினர். தாயின் படுக்கையிலேயே வைக்கலாம். குழந்தைக்குத் தனியிடமும் ஆயிற்று. மரபைப் பழிக்காமல் அதனுள்ளிருந்தே வழி கண்ட அச்செயல் பெரிதும் போற்றத்தக்கது.

தமிழ் இல்லங்களில் குழந்தையை மல்லாக்கக் கிடத்துவதே பெருவழக்கு, அது நன்று. திருத்த வேண்டியவை வேறு. மண்டை உருண்டையாக அமைய வேண்டுமென்று வைக்கும் கடுகுத் தலையணை உறங்கும் குழந்தைக்கு வேண்டாம். விழித்திருக்கும்போது, கண்பார்வையில், சிறிது நேரம் குப்புறக் கிடத்தினால் மண்டையும் சீராகும், கழுத்தும் வலுப்பெறும். சேலைத் தூளியில் குழந்தை வளைந்து, முகவாய் மார்பில் படிந்து, மூச்சுவழி ஒடுங்கக்கூடும். தாலாட்டித் தூங்கச் செய்தபின் எடுத்து, சமமான, அமுங்காத படுக்கையில் கிடத்துதல் நலம். தாலாட்டைக் கைவிட வேண்டியதில்லை. பஞ்சு மெத்தை, கனத்த போர்வை, பொம்மை ஆகியவை படுக்கையில் கூடா. வீட்டினுள் உறங்கும் குழந்தைக்குக் காது மூடும் குல்லாயும் வேண்டா. முதல் ஆறு திங்களேனும் பெற்றோரின் அறையிலேயே, தனிப் படுக்கையில் உறங்கட்டும். சோபாவில் குழந்தையை மார்பில் கிடத்தியவாறு தந்தை கண்ணயர்வது படத்துக்கு அழகு; குழந்தைக்குப் பேரிடர். புகைபிடிப்போர் வாயிற்புறம் சென்று பிடித்தாலும் முழுப் பயனில்லை, விட்டுவிடுவதே வழி.

இவை இடரைக் குறைக்குமேயன்றி அடியோடு நீக்கா. எல்லாம் சரியாகச் செய்த வீட்டிலும் இது நேரலாம். அவ்வாறு நேர்ந்த வீட்டில், 'தாய் மேலே படுத்து நசுக்கிவிட்டாள்' என்று உறவினர் முணுமுணுப்பது உண்டு. மருத்துவரே காரணம் காணாதபோது உறவினர் காண்பது எங்ஙனம்?

இளந்தாய்மார் அடிக்கடி கேட்பது ஒன்றுண்டு: குழந்தை தானே குப்புறப் புரண்டுகொண்டால் என் செய்வது? எப்போதும் மல்லாக்கவே கிடத்த வேண்டும். இருபுறமும் தானாகப் புரளும் திறன் வந்துவிட்டால், உறக்கத்தில் அது தேர்ந்த நிலையிலேயே விடலாம். இரவெல்லாம் விழித்திருந்து திருப்பிக்கொண்டிருக்க வேண்டியதில்லை, தாயும் உறங்கலாம்.