நேபாளத்தில் மூன்று மாதம்

(சங்கத்தின் இளைஞர் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)

 

பிறநாட்டிலே தொண்டு செய்த அநுபவத்தைப் பற்றிப் பேசும்படி நமது காரியதரிசி அவர்கள் கேட்டபோது நான் முதலில் மறுத்தேன். நான் செய்த தொண்டு மிகக் கொஞ்சம்; செய்த பிழைகளோ ஏராளம். இதைச் சொன்னதும், "அப்படியானால் பிழைகளையே சொல்லும். எங்கள் பிள்ளைகளுக்கு அதுதான் உபயோகம்" என்றார். ஆகவே இன்று என் பிழைகளின் கதையையே சொல்லப் போகிறேன்.

கதை நேபாளத்தில் தொடங்கவில்லை. எங்கள் வீட்டுக் கிணற்றடியில் தொடங்குகிறது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி கடல் பொங்கியபோது எனக்குப் பத்து வயது. எங்கள் வீடு கரையிலிருந்து தள்ளியிருந்தபடியால் தப்பியது. சில மாதங்களில், தொண்டு செய்ய வந்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி எங்களுடன் வந்து தங்கினாள். இடியப்பத்தை ஒவ்வோர் இழையாகப் பிரித்துச் சாப்பிட்டாள். தண்ணீர் அள்ளப் போய் வாளியைக் கயிற்றோடு கிணற்றுக்குள் விட்டாள். பிள்ளைகளாகிய நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அம்மா மாத்திரம் சிரிக்கவில்லை. "அதுவும் ஒரு தாய் பெற்ற பிள்ளைதானே" என்று சொல்லிவிட்டுப் பாதாளக் கரண்டியைத் தேடப் போனார். பன்னிரண்டு வருஷங்களின் பின்னர் அந்தச் சிரிப்பு என் மேலேயே திரும்பி வந்தது.

2015ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆந் திகதி, நண்பகலுக்குச் சற்று முன், நேபாளத்தில் 7.8 அளவான பூமியதிர்ச்சி உண்டானது. ஏறக்குறைய 9,000 பேர் மாண்டார்கள். 5 லட்சத்திற்கு மேற்பட்ட வீடுகள் இடிந்தன. அதிர்ச்சியின் மையம் கோர்க்கா மாவட்டம். 2017 ஆகஸ்டில், அந்த மாவட்டத்து மலைக் கிராமம் ஒன்றில் பாடசாலைக் கட்டிடம் எழுப்புவதற்கு உதவ நான் போனேன்.

இத்தகைய தொண்டுக்கு ஒரு நூற்றாண்டு வரலாறு உண்டு. முதலாம் உலகப் போரின் பின், 1920இல், பியேர் செரேசோல் என்ற சுவிஸ் நாட்டவர், பகை நாட்டாராய் இருந்தவர்களையே ஒன்றுசேர்த்து, பிரான்சில் வெர்டனுக்கு அருகே அழிந்துகிடந்த ஒரு கிராமத்தைக் கட்டியெழுப்ப முயன்றார். 1934இல் பீகாரையும் நேபாளத்தையும் குலுக்கிய பூமியதிர்ச்சியின் பின் பீகாருக்கும் வந்து உழைத்தார். இவற்றையெல்லாம் படித்துவிட்டு, நானும் ஒரு செரேசோல் என்ற எண்ணத்துடனேயே விமானம் ஏறினேன்!

முதற் பிழை கடிகாரத்தில். நேபாளத்து நேரம் எங்கள் நேரத்திலும் கால்மணி முந்தியது. அதை அறியாமல் காத்மாண்டுவில் பஸ்ஸைத் தவறவிட்டேன். இரண்டாவது பிழை ஆண்டுக் கணக்கில். பாடசாலைக் கரும்பலகையில் 2017 என்று எழுதியதும் பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். அவர்களுடைய விக்கிரம ஆண்டுக் கணக்கில் அப்பொழுது 2074! ஆனால் அவர்களுடைய புதுவருஷமும் எங்களுடையதைப் போல ஏப்ரல் நடுவிலேயே பிறக்கிறது என்று அறிந்ததும், அந்நியம் பாதி அகன்றது.

மூன்றாவது பிழை சாப்பாட்டில். அங்கே காலை பத்து மணியளவில் ஒரு முறையும் இரவு ஒரு முறையும் சோறும் பருப்பும் கறியும் உண்கிறார்கள். நான் படித்து வைத்திருந்த சொல் 'மிட்டோ'. நல்ல ருசி என்பது பொருள். வீட்டுத் தாயார் சோற்றை அள்ளிக்கொண்டு வரும்போதெல்லாம் மரியாதைக்காக 'மிட்டோ, மிட்டோ' என்றேன். அவர் மேலும் போட்டார். மூன்றாம் முறை எனக்கு மூச்சு முட்டியது. பத்தாம் வகுப்பில் படித்த மகள், ஆங்கிலம் அறிந்தவள், சிரிப்பை அடக்கிக்கொண்டு, "அண்ணா, 'புக்யோ' என்று சொல்லுங்கள். போதும் என்று அர்த்தம்" என்றாள். அந்நிய நாட்டுக்குப் போகிறவர் முதலில் கற்க வேண்டிய சொல் 'போதும்' என்பதே.

வழியிலே கண்டவரெல்லாம் 'சோறு சாப்பிட்டாயா?' என்று கேட்டார்கள். நானும் சத்தியவந்தனாக 'இல்லை' என்று சொல்லி, இரண்டு வீடுகளில் உட்கார வைக்கப்பட்டேன். எங்கள் ஊரிலும் சுகம் விசாரிப்பது இப்படித்தானே! அது எனக்கு ஏன் உறைக்கவில்லை?

இன்னொன்று சொல்ல வெட்கமாயிருக்கிறது. பொதுச் செம்பிலிருந்து தண்ணீரை அண்ணாந்து குடிப்பது அவர்கள் வழக்கம். நான் வாய் வைத்துக் குடித்தேன். வீட்டுப் பாட்டி ஒன்றும் பேசாமல் செம்பை எடுத்துப்போய்ச் சாம்பல் போட்டு விளக்கினார். எச்சிலை அவர்கள் 'ஜூட்டோ' என்கிறார்கள். என் அப்பாச்சி வீட்டில் நான் அப்படிச் செய்திருப்பேனா? பிறநாடு என்றவுடன், வீட்டிலே கற்ற மரியாதையையும் விமான நிலையத்தில் விட்டுவிட்டுப் போயிருக்கிறேன்.

இனி வேலையைப் பற்றிச் சொல்கிறேன். கல்லைக் கூடையில் நிரப்பி, கூடையைத் தாங்கும் பட்டியை நெற்றியில் மாட்டி, மலையேறிச் சுமக்க வேண்டும். என் நெற்றியும் கழுத்தும் மூன்றாம் நாளே பணிந்துவிட்டன. ஐம்பது வயதுத் தாய்மார்கள் என்னைத் தாண்டிப் பேசிக்கொண்டே போனார்கள். மழைக்காலமாதலால் அட்டைகளும் என் கால்களை விருந்தாக ஏற்றுக்கொண்டன. ஆகவே சுமப்பதை விட்டு, மதில் கட்டுகிறேன் என்று மேசனாரிடம் கேட்டேன். அவர் ஒரு மூலையைக் காட்டினார். பகல் முழுவதும் கல்லடுக்கி, இடுப்புயரத்திற்கு நேராகவும் அழகாகவும் கட்டி, படமும் எடுத்து வீட்டுக்கு அனுப்பினேன்.

மறுநாட் காலை போய்ப் பார்த்தால், நான் கட்டியது முழுவதும் பிரித்துக் கிடந்தது! எனக்குக் கோபம் பொங்கியது. மேசனார் அமைதியாக என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். மலைநாட்டுக் கற்சுவருக்கு உள்முகம், வெளிமுகம் என இரண்டு முகங்கள் உண்டு. இரண்டையும் ஊடறுத்துப் பிணைக்கும் நீளக்கற்களை இடையிடையே வைக்க வேண்டும். மரத்தினாலோ சீமெந்தினாலோ கட்டிடத்தைச் சுற்றி அரைஞாண்போலப் பட்டிகள் இட வேண்டும். இல்லையேல் நிலம் அசையும்போது முகங்கள் பிரிந்து உள்ளே இருப்பவர் மேல் சரியும். நான் வெளிமுகத்தை அழகுபடுத்தினேனே தவிர, ஒரு பிணைகல்லும் வைக்கவில்லை. அவர் இடிந்த பழைய பாடசாலையைக் காட்டி, "தம்பி, அன்று சனிக்கிழமை. எங்கள் நாட்டில் சனிக்கிழமை பாடசாலை இல்லை. அதனாலேதான் இந்தப் பிள்ளைகள் இருக்கிறார்கள். அடுத்த முறையும் சனிக்கிழமையாக இருக்கும் என்று நான் நம்பலாமா?" என்றார்.

அன்பர்களே, நான் தலைகுனிந்தேன். தொண்டன் என்ற பெயர் பிழையான சுவரை நிற்க வைக்காது. அன்று தொடக்கம் நான் அவருக்குக் கல் எடுத்துக் கொடுக்கும் கையாளானேன். பிணைகல்லுக்கு ஏற்ற கல்லைத் தெரிந்தெடுக்க ஒரு மாதத்தில் பழகினேன். மூன்று மாதத்தில் நான் உருப்படியாகச் செய்த வேலை அதுவே.

என் இருப்பிடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீடிழந்த குடும்பத்திற்கு நேபாள அரசாங்கம் 3 லட்சம் நேபாள ரூபாயை மூன்று தவணைகளில் கொடுத்தது. ஒவ்வொரு கட்டத்தையும் பரிசோதித்த பின்னரே அடுத்த தவணை கிடைக்கும். அது போதாமல் என் குடும்பத்தார் கடனும் பட்டு இரண்டு அறைகள் கட்டியிருந்தனர். ஓர் அறை எனக்கு. ஒரு நாள் நடுச்சாமத்தில் பெருமழை பெய்ய, வெளியே வந்து பார்த்தேன். மாட்டுத் தொழுவத்தின் பக்கத்தில், பூமியதிர்ச்சியின் பின் போட்ட தகரக் கொட்டிலில், பாட்டியும் வீட்டுத் தாயாரும் ஒழுக்குக்குச் சட்டி வைத்துக்கொண்டு விழித்திருந்தார்கள். என் அறை அவர்களுடைய அறை!

காலையில் நான் கொட்டிலுக்குப் போகிறேன் என்றேன். தாயார் மறுத்தார். மகளே அவர் சொன்னதை எனக்கு மொழிபெயர்த்தாள். "என் மகன் கட்டாரில் எட்டுப் பேரோடு ஓர் அறையில் படுக்கிறான். யாராவது அவனுக்கு நல்ல இடம் கொடுக்கமாட்டார்களா என்று தினமும் நினைக்கிறேன். நான் இங்கே ஒருவனுக்குக் கொடுத்தால் அங்கே அவனுக்கும் கிடைக்கும். நீ அங்கேயே படு." பிள்ளைகளைப் பிறநாட்டுக்கு அனுப்பிவிட்டுத் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார் நம் ஊரில் எத்தனை பேர்! அவர்களுக்கு இந்த வார்த்தையின் கனம் தெரியும். மூன்று நாள் வழக்காடி ஒரு சமாதானத்துக்கு வந்தோம். கட்டிலில் பாட்டி, நிலத்தில் நான். தாயார் மகளின் அறையில். அதன்பின் அதிகாலை நாலு மணிக்குப் பாட்டியின் பிரார்த்தனையே எனக்கு எழுப்பு மணியாயிற்று.

செப்டெம்பர் 30ஆந் திகதி விஜயதசமி. அங்கே அதைத் தசைன் என்கிறார்கள். முதல் நாள் விதைத்த பார்லியின் மஞ்சள் முளையைக் காதிலே செருகி, அரிசியும் தயிரும் குங்குமமும் குழைத்து நெற்றியில் அப்பி, மூத்தோர் இளையோரை ஆசீர்வதிக்கிறார்கள். நம் கல்யாண வீட்டு முளைப்பாலிகை எனக்கு நினைவு வந்தது. பாட்டியின் முன் ஒவ்வொருவராக இருந்தார்கள். மகனுடைய முறை வந்ததும் ஓர் இடைவெளி. பாட்டி சுற்றிப் பார்த்து, என்னைக் கைகாட்டி அழைத்தார். அந்தச் செம்பை விளக்கிய அதே கை என் நெற்றியில் திலகமிட்டது.

இளைஞர்களே, தொண்டுக்குப் போக விரும்புவோர் போங்கள். ஆனால் மூன்றைக் கவனியுங்கள். தொழில் தெரிந்தவரின் கீழ் வேலை செய்யுங்கள். உங்கள் வரவால் யாருடைய பாயும் சோறும் குறைகிறது என்று விசாரியுங்கள். உங்களை அழைப்போர் யாரென்று ஆராயுங்கள். பெற்றோர் உயிரோடிருக்கும் பிள்ளைகளை அநாதைகள் என்று காட்டி, தொண்டர்களிடம் பணம் திரட்டிய இல்லங்களும் நேபாளத்தில் இருந்ததுண்டு.

பெரியோர்களே, போகாதவர்களுக்கும் ஒரு தொண்டு உண்டு. நாளை யாரோ ஒரு தாயின் பிள்ளை நம் ஊருக்கு வந்து, கிணற்றிலே வாளியை விட்டுவிட்டு விழித்துக்கொண்டு நிற்கலாம். சிரிப்பு வந்தால் சிரியுங்கள். ஆனால் பாதாளக் கரண்டியையும் எடுத்துக்கொண்டு போங்கள்.