2024: நான் எண்ணினதும் எண்ணாம விட்டதும்

(பாட்காஸ்ட் எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சு நடையை மாற்றவில்லை. இழுவைகளையும் திரும்பச் சொன்னவற்றையும் மட்டும் எடுத்துவிட்டுத் தொகுத்திருக்கிறோம்.)

பொத்தேரியிலிருந்து பேசுறேன். பின்னாடி கடகடன்னு சத்தம் கேட்டா அது செங்கல்பட்டு லோக்கல். நான் என்ன பண்ணினாலும் அதை எடிட்ல எடுக்க முடியல, பொறுத்துக்கங்க.

ஜனவரி வந்தா இந்த பாட்காஸ்ட்ல போன வருஷக் கணக்கு சொல்றது வழக்கம். இந்தத் தடவையும் கணக்கு இருக்கு. ஆனா அதுல ஒரு பகுதி என் ஷீட்ல இல்ல, எங்க அம்மா வீட்டுச் சுவத்துல தொங்கின காலண்டர்ல இருந்துச்சு. அதைச் சொல்லத்தான் இந்த எபிசோட்.

முதல்ல ஷீட். மேலிருந்து கீழே நாட்கள், குறுக்கால ஆறு பழக்கம்: பத்தாயிரம் அடி நடை, இருபது பக்கம் வாசிப்பு, அரை மணி நேரம் கீபோர்டு, தூக்கம், டீ, பறவை பார்க்கிறது. 365 வரி இழுத்து விட்டேன். 2024 லீப் வருஷம்கிறது டிசம்பர் கடைசியிலதான் உறைச்சுது. டிசம்பர் 31க்கு இடமே இல்ல! சம்பளம் வாங்கி கோட் எழுதுற ஆள் நான். வெளிய சொல்லாதீங்க.

கணக்கு

நடை, 366 நாள்ல 301 டிக். வாசிப்பு, 19 புத்தகம். டீ, ஒரு நாளைக்கு சராசரியா மூணரை. ஆபீஸ்ல ரிலீஸ் இருந்த வாரங்கள்ல அது அஞ்சைத் தாண்டியிருக்கு. தூக்கம், ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல. பறவை, வேடந்தாங்கலுக்கு ரெண்டு ட்ரிப், மிச்சமெல்லாம் இங்க ஏரிப் பக்கம்.

கீபோர்டு? ஜனவரில 11 நாள், பிப்ரவரில 4, மார்ச்ல 1. அப்புறம் ஒண்ணுமில்ல. ஏப்ரல்ல ஒரு நாள் அந்த வரிசை முழுக்கச் சிவப்பா இருக்கிறதைப் பார்க்கப் பிடிக்காம, ரைட் கிளிக் பண்ணி ஹைட் குடுத்துட்டேன். அதுக்கப்புறம் ஷீட் நல்லா பச்சைப் பசேல்னு இருந்துச்சு. இதை ஞாபகம் வச்சுக்கங்க, திரும்ப வருவோம்.

நடையிலயும் ஒரு திருட்டு இருக்கு. நவம்பர் 30, ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்த நாள். காலையிலிருந்து இங்க பேய் மழை, வெளிய கால் வைக்க முடியல. ராத்திரி பதினொன்றே முக்காலுக்கு போன்ல 6,200 அடி காட்டுது. நான் என்ன பண்ணினேன் தெரியுமா? கட்டில்ல உட்கார்ந்துகிட்டே போனைக் கையில வச்சு ஆட்டினேன். பன்னிரண்டுக்கு நாலு நிமிஷம் இருக்கும்போது பத்தாயிரம். டிக்!

இந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்துச்சுன்னு அப்புறம்தான் படிச்சேன். 1965ல ஜப்பான்ல யமாசான்னு ஒரு கம்பெனி, இடுப்புல மாட்டுற ஒரு அடி எண்ணும் கருவியை வித்துச்சு. அதோட பேரு ‘மான்போ-கெய்’, பத்தாயிரம் அடி மீட்டர்னு அர்த்தம். விக்கிறதுக்கு வசதியான ஒரு முழு எண், அவ்வளவுதான். 2019ல ஐ-மின் லீ குழு வயசான பெண்களை வச்சுப் பண்ணின ஆய்வுல, கிட்டத்தட்ட 7,500 அடிக்கு மேல கூடுதல் பலன் தெரியல. நான் பாதி ராத்திரியில போனை ஆட்டினது ஒரு பழைய விளம்பரத்துக்காக.

அதே மாதிரிதான் ‘21 நாள் பண்ணினா பழக்கமாயிடும்’கிறதும். 1960ல மேக்ஸ்வெல் மால்ட்ஸ்னு ஒரு பிளாஸ்டிக் சர்ஜன் தன் புத்தகத்துல எழுதினதிலிருந்து பரவினது. லண்டன்ல பிலிப்பா லாலி குழு 96 பேரை வச்சுப் பார்த்தப்ப, சராசரியா 66 நாள் ஆச்சு. ஒருத்தருக்கு 18, இன்னொருத்தருக்கு 254ங்கிற அளவுக்கு வித்தியாசம். அதைவிட எனக்குப் பிடிச்சது, நடுவுல ஒரு நாள் விட்டுப்போனா பெருசா ஒண்ணும் கெட்டுப்போகலங்கிறது. புயல் அன்னிக்கு 6,200ன்னு எழுதிட்டுப் படுத்திருக்கலாம்.

சுவத்துல இருந்த கணக்கு

டிசம்பர் 29, ஞாயித்துக்கிழமை. செங்கல்பட்டுல அம்மா அப்பா வீட்டுக்குப் போனேன். பொத்தேரியிலிருந்து அஞ்சாவது ஸ்டேஷன், கொளவாய் ஏரி கண்ணுல பட்டா எந்திரிச்சு கதவுகிட்ட நிக்கணும். அவ்வளவு பக்கம். இருந்தும் மாசத்துக்கு ஒரு தடவை போனா பெருசு.

அம்மா புதுக் காலண்டரை மாட்டச் சொன்னாங்க. பழைய மாதக் காலண்டரைக் கழட்டி, சும்மா புரட்டிப் பார்த்தேன். பார்த்தா எங்க அம்மாவும் ட்ராக்கிங் பண்றாங்க! கேஸ் சிலிண்டர் வந்த தேதி, எக்ஸ்ட்ரா பால் பாக்கெட், வேலைக்கு வர்ற அக்கா லீவு போட்ட நாள், எல்லாம் இருக்கு. ஒவ்வொரு மாசத்துலயும் ஒரு கட்டத்துல சிவப்பு மையில ஒரு நம்பர். ஜனவரி 138. பிப்ரவரி 142. மார்ச் 151. ஏப்ரல் 168.

மே மாசத்துல இல்ல. ஜூன்ல இல்ல. டிசம்பர் வரைக்கும் இல்ல.

"அம்மா, இது என்ன நம்பர்?"

"அப்பாவோட சுகர்டா. வெறும் வயித்துல எடுக்கிறது."

"ஏப்ரலுக்கு அப்புறம்?"

அம்மா பதில் சொல்லாம கிச்சன் பக்கம் போயிட்டாங்க. அப்பா பேப்பரை மடிச்சு வச்சுட்டு, "நான்தான் வேணாம்னேன்"ன்னார்.

"ஏம்ப்பா நிறுத்தினீங்க?"

"ஏறிக்கிட்டே போச்சு. பார்த்தா அன்னிக்கு முழுக்க மனசு சரியில்ல. மாத்திரைதான் போட்டுக்கிட்டிருக்கேனே."

எனக்குக் கோபம் வந்துச்சு. வாயைத் திறக்கப் போனேன், என் கீபோர்டு வரிசை ஞாபகம் வந்துச்சு. அவரும் அதே ஏப்ரல் மாசம், அதேதான் பண்ணியிருக்கார். ஏறுற நம்பரைப் பார்க்கப் பிடிக்கல, ஹைட் குடுத்துட்டார். என்ன, நான் மறைச்சதால கீபோர்டு மேல தூசி படிஞ்சுது. அவர் மறைச்சது அவர் ரத்தத்துல ஓடுற விஷயம்.

மறுநாள் காலையில லேப். இந்தத் தடவை எச்.பி.ஏ.1.சி.யும் சேர்த்து எடுத்தோம். தெரியாதவங்களுக்குச் சொல்றேன். சர்க்கரை ரத்தச் சிவப்பணுவுல ஒட்டிக்கும். அந்த அணு ஏறக்குறைய 120 நாள் வாழும். அதனால இந்த டெஸ்ட், கடந்த ரெண்டு மூணு மாசத்தோட சராசரியைச் சொல்லும். முந்தின நாள் ஸ்வீட் சாப்பிடாம இருந்து வெறும் வயித்து நம்பரைக் கொஞ்சம் அழகாக்கலாம், இதுல அது நடக்காது. 5.7க்குக் கீழ இருந்தா நார்மல், 6.5லிருந்து சர்க்கரை நோய். அப்பாவுக்கு 9.2.

நான் ராத்திரி போனை ஆட்டி வாங்கின டிக் இருக்கே, அது ஸ்வீட்டை ஒதுக்கிட்டு லேபுக்குப் போற மாதிரி. வருஷ முடிவுல சராசரி நம்மளைக் காட்டிக் குடுத்துடும்.

14 வகை பறவை

அன்னிக்கு ராத்திரி ஷீட்டைத் திரும்பத் திறந்தேன். ஜனவரி 21 வேடந்தாங்கல் ட்ரிப். அப்பாவும் வந்திருந்தார். நான் எழுதி வச்சிருந்தது: ‘14 வகை. மஞ்சள் மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, கரண்டிவாயன், பாம்புத்தாரா...’

எழுதாம விட்டது என்னன்னா, அந்தக் கரை மேல நடக்கிறதுக்குள்ள அப்பா மூணு இடத்துல உட்கார்ந்தார். ரெண்டு பாட்டில் தண்ணி குடிச்சார். "பாதம் எரியுதுடா"ன்னார். நான் பைனாகுலரைக் கண்ணுல வச்சுக்கிட்டே "செருப்பு மாத்துங்கப்பா"ன்னேன். எல்லாம் இப்பத்தான் வரிசையா ஞாபகம் வருது.

இதே கடற்கரையில தெற்கால போனா புதுச்சேரி. அங்க துய்ப்ளேக்கிட்ட துபாஷியா இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736லிருந்து 1761ல சாகிற வரைக்கும் தமிழ்ல டைரி எழுதினார். எந்தக் கப்பல் வந்துச்சு, என்ன சரக்கு, யார் யார்கிட்ட என்ன சொன்னாங்கன்னு, பெரும்பகுதி மத்தவங்களைப் பத்தி. அதனாலதான் அந்த ஊரோட 25 வருஷம் இன்னிக்கு நமக்குக் கிடைக்குது. என் ஷீட்ல 366 நாள் இருக்கு, என்னைத் தவிர ஒரு ஆள் இல்ல. பறவை இருக்கு, பக்கத்துல நின்னவர் இல்ல.

இந்த வருஷம்

அப்பாவுக்கு டாக்டர் மாத்திரையை மாத்தியிருக்கார். பாதத்துல உணர்ச்சி குறைஞ்சிருக்குன்னு சொன்னார், வெறுங்கால்ல நடக்கக் கூடாது. கண் விழித்திரை டெஸ்ட் பொங்கல் முடிஞ்சு இருக்கு. அது எப்படி வரும்னு தெரியாம கொஞ்சம் பயமாத்தான் இருக்கு. ஏப்ரல்ல திரும்ப எச்.பி.ஏ.1.சி. எடுக்கணும்.

ஷீட்டை நான் தூக்கிப் போடல. ஆறை மூணாக்கியிருக்கேன். நடைக்கு 7,500. வாசிப்புக்குப் பக்கம் இல்ல, என்ன படிச்சேன்னு ஒரு வரி. மூணாவது, ஞாயித்துக்கிழமை செங்கல்பட்டு. அதுக்கு டிக் கிடையாது, அன்னிக்கு அங்க என்ன பார்த்தேன், என்ன கேட்டேன்னு எழுதணும். கீபோர்டை வித்துட்டேன், பக்கத்துத் தெரு பையன் நல்லா வாசிக்கிறான்.

எனக்குன்னு ஒரே ஒரு விதி வச்சிருக்கேன்: எதையும் ஹைட் பண்ணக்கூடாது. நிறுத்தினா, ஏன் நிறுத்தினேன்னு அந்தக் கட்டத்துலயே எழுதணும்.

இந்தியாவுல 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருக்குன்னு ஐ.சி.எம்.ஆர். ஆய்வு 2023ல சொல்லுச்சு. கேட்கிற உங்க எல்லார் வீட்டுலயும் ஒருத்தராவது இருப்பாங்க. பொங்கலுக்கு ஊருக்குப் போறீங்கல்ல? உங்க ஆப்பைக் கொஞ்சம் மூடிட்டு, வீட்டுல இருக்கிற பழைய காலண்டரையோ லேப் ஃபைலையோ ஒரு தடவை புரட்டிப் பாருங்க. எந்த மாசத்துல நம்பர் நின்னு போச்சுன்னு பாருங்க. பார்த்துட்டுத் திட்டாதீங்க, கூட லேபுக்குப் போங்க.

புதுக் காலண்டர்ல ஜனவரிக் கட்டத்துல அப்பாவே தன் கையால எழுதியிருக்கார்: 9.2. அம்மாதான் சிவப்புப் பேனாவைத் தேடி எடுத்துக் குடுத்தாங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம். பொங்கல் வாழ்த்துகள்!